மாளவ்லிக் கல்லச்சும் சரக்கின் முகமும்

புணேயிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில் பாதையில், லோனாவாலாவுக்குச் சற்று முன்னால் மாளவ்லி என்றொரு சின்ன நிலையம் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கார்லா, பாஜே குகைகளைப் பார்க்க வந்தவர்கள். ஓவியர் ரவிவர்மாவின் அச்சகம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஊர் இது என்பது பலருக்குத் தெரியாது. 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பிளேக் நோய் நகரத்தை உலுக்கிய பிறகு 1899இல் இங்கே இடம்பெயர்ந்தது. கடன் கழுத்தை நெரிக்க, அடுத்த சில ஆண்டுகளுக்குள் ரவிவர்மா அதை அங்கே வேலை பார்த்த ஜெர்மானிய அச்சு வல்லுநர் ஃபிரிட்ஸ் ஷ்லைகரிடம் விற்றுவிட்டார். அதுவரை அச்சிட்டுவந்த சாமி படங்களை ஷ்லைகர் நிறுத்தவில்லை. அவற்றோடு லேபிள்களையும் விளம்பரப் படங்களையும் அச்சிடத் தொடங்கினார். அதன் பிறகுதான் அச்சகம் நிமிர்ந்தது. 1972இல் தீப்பிடித்து அழியும்வரை நடந்தது. கலை வரலாற்று நூல்கள் இந்த இரண்டாம் பகுதியைச் சரிவு என்று ஓரிரு வரியில் முடித்துவிடும். எனக்கு அது சரிவாகத் தோன்றவில்லை. கற்பனை வளமுள்ள ஓவியன் கைவைத்தால் பொட்டலத்தின் மேலுறை பண்டத்துக்கு ஒரு முகம் தருகிறது, பண்டம் தீர்ந்த பிறகும் அந்த முகம் வாழ்கிறது என்பதற்கு இந்தப் பகுதியைவிட நல்ல சான்று நம் நாட்டில் குறைவு.

வண்ணப் படத்துக்கான பசி புணேயில் ரவிவர்மா அச்சகத்துக்கு முன்பே உண்டாகியிருந்தது. 1878இல் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் நண்பர்களோடு சேர்ந்து சித்ரசாலை அச்சகத்தைத் தொடங்கினார். ராமர் பட்டாபிஷேகக் காட்சியும், பேஷ்வாக்கள், நானா பட்னவிஸ் உருவங்களும் அங்கிருந்து கல்லச்சுப் படங்களாக வீடுகளுக்குப் போயின. ரவிவர்மாவை அச்சுப் பக்கம் திருப்பியதில் நம்மூர்க்காரர் ஒருவருக்கும் பங்குண்டு. கும்பகோணத்தில் தஞ்சை மராட்டியக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ்தான், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் பிரதிகள் எடுக்கலாம் என்று 1880களில் அவருக்கு யோசனை சொன்னவர்.

லேபிள் உருவாகும் முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், அதை மட்டமான வேலை என்று சொல்ல நா எழாது. கல்லச்சுக்கு நல்ல சுண்ணாம்புக்கல் பவேரியாவிலிருந்து வரவேண்டும். வழவழப்பாகத் தேய்த்த கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை ஈரப்படுத்தி மை உருளையை ஓட்டினால், கோடு மையைப் பிடிக்கும், ஈரம் மையைத் தள்ளும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல். கன்னத்துச் சிவப்பு புள்ளி புள்ளியாக ஒரு கல்லில் இருக்கும், புடவைப் பச்சை இன்னொன்றில் இருக்கும். தாள் மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதடு மூக்குக்கு ஏறிவிடும். லேபிளுக்கோ இன்னொரு படி கூடுதல்: ஒரு சின்னப் படத்தை மாற்றுத்தாளில் பல பிரதிகள் எடுத்து, பெரிய கல்லில் வரிசையாக இறக்குவார்கள். ஒரே தாளில் டஜன் கணக்கில் அச்சாகும். சுவரில் மாட்டும் படத்துக்கு ஒரு முழம் இடம் கிடைத்தது, லேபிளுக்கு உள்ளங்கையளவுதான். பார்த்ததும் பதியவேண்டும், சுருங்கினாலும் முகம் முகமாகத் தெரியவேண்டும். இது ஓவியனைச் சோதிக்கும் கட்டுப்பாடு. பின்னாளில் இந்திய சினிமாவின் தந்தை என்று பெயரெடுத்த தாதாசாகேப் பால்கே, படக்கருவியைக் கையிலெடுப்பதற்கு முன்பு இந்த அச்சகத்தில் வேலை செய்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த லேபிள் படங்களுக்குத் தேவை எங்கிருந்து வந்தது? மான்செஸ்டர் ஆலைத் துணிகள் இந்தியாவுக்கு வரும்போது ஒவ்வொரு சுருளின் மேலும் ஒரு வண்ணத்தாள் ஒட்டியிருக்கும். பம்பாய்ச் சந்தையில் அதற்குப் பெயர் 'டிக்கா'. எழுதப் படிக்கத் தெரியாதவர் பெரும்பாலோராக இருந்த காலத்தில், யானை மார்க், மயில் மார்க் என்று கேட்டு வாங்கும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. 1889இல் வந்த வணிகப் பொருள் குறிச் சட்டம் போலிக் குறிகளுக்குத் தண்டனை விதித்தது என்றால், படத்துக்கு எவ்வளவு மதிப்பு ஏறியிருந்தது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். துணியின் நூல் எண்ணிக்கையை லேபிளில் வரைய முடியாது. ஆகவே ஓவியன் துணியை விட்டுவிட்டு, துணிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சகுந்தலையை வரைந்தான். வாங்குகிறவர் மனத்தில் சரக்கும் கதையும் ஒட்டிக்கொண்டன. உள்ளே இருப்பதை அப்படியே வரைந்த படம் தகவலோடு நின்றுவிடும். இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும் படம்தான் பெயராக மாறுகிறது.

இதை மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தெய்வத்தைக் காட்டி அயல் சரக்கை விற்பது பக்தியைச் சுரண்டும் தந்திரமல்லவா? லண்டன் நிறுவனம் குழந்தை மருந்து விற்பதற்கு நம்மூர் பாலகிருஷ்ணனை அழைத்தது உண்மைதான். ஆனால் அந்தத் தந்திரம் ஒருவர் கையோடு நிற்கவில்லை. கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவின் காளி படம் சுதேசிக் காலத்தில் 'காளி சிகரெட்' விளம்பரமாகி, ஆங்கில அதிகாரிகளுக்கே அதில் ராஜதுரோகத்தின் வாடை அடித்தது. படம் யார் சரக்கையும் சுமக்கும், ஆனால் சுமப்பவர் நினைத்ததை மட்டும்தான் பேசும் என்று நம்ப முடியாது. புகைக்கும் பொருளின் மேல் காளியை அச்சிடுவது அழகா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அது ரசனையில் நேர்ந்த பிழை. அதை வைத்து லேபிள் ஓவியத்தையே தள்ளிவிடுவது சரியாகாது.

இன்னொரு மறுப்பு கனமானது. உறை எவ்வளவு அழகாயிருந்தாலும் உள்ளே இருப்பது மாறாதே, பிறகென்ன வளம்? சோப்புக்கும் தீக்குச்சிக்கும் இதை ஒப்புக்கொள்ளலாம். பத்திரிகை அட்டைக்கு ஒப்புக்கொள்ள முடியாது. 1920இல் கிர்லோஸ்கர்வாடியில் தொடங்கிய 'கிர்லோஸ்கர் கபர்', இரும்புக் கலப்பை விற்ற ஒரு தொழிற்சாலையின் செய்தித்தாள். அதை நடத்திய சங்கர் வாசுதேவ் கிர்லோஸ்கர் ஓவியம் பயின்றவர். அது 'கிர்லோஸ்கர்' என்ற மாத இதழாக வளர்ந்து, 'ஸ்திரீ', 'மனோஹர்' என்ற தங்கைகளைப் பெற்று, பின்னர் புணேக்குக் குடிபெயர்ந்தது. கலப்பைச் செய்தி வீட்டுக்கூடத்துக்கு வந்து பெண்களும் வாசிக்கும் இதழானதில் கட்டுரைகளின் பங்கு பெரிது. ஆனாலும் ஒரு தூரிகைக்காரரே ஆசிரியராக இருந்தது தற்செயலான விஷயம் என்று ஒதுக்க மாட்டேன். அட்டைதான் இதழ் யாரைக் கூப்பிடுகிறது என்று முதலில் சொல்கிறது. கூப்பிடப்பட்டவர்கள் வந்த பிறகு உள்ளே எழுதுவதும் அவர்களுக்கேற்ப மாறுகிறது. நம் தீபாவளி மலர்களும் மராத்தித் தீபாவளி இதழ்களும் அட்டை ஓவியத்துக்கு அத்தனை மெனக்கெட்டதன் காரணம் அதுவே.

இந்த வரலாற்றில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. ரவிவர்மா பெயர் அச்சகத்துக்கே இருந்தது. அவர் வரைந்ததை உள்ளங்கைக்குச் சுருக்கி, புதிதாக ஓரங்கள் சேர்த்து, கல்லில் புள்ளி வைத்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் தொலைந்துவிட்டன. கல்லும் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்தப்படும் பொருள். ஒரு லேபிள் ஓய்ந்தால் அதன் மூலமும் போய்விடும். கோவில்பட்டி கொண்டையராஜு தன் நாட்காட்டிப் படங்களில் பெயரைப் பொறித்ததால் இன்று அவரை அடையாளம் காண்கிறோம். அதே வட்டாரத்தில் சிவகாசித் தீப்பெட்டிச் சீட்டுகளை வரைந்தவர்களில் எத்தனை பேரை அப்படிச் சொல்ல முடியும்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைக் கலைஞனுக்கு விட்டுவைத்திருக்கிறது. தமிழ்ப் பதிப்பகங்களில் பல இப்போது அட்டை வரைந்தவர் பெயரைப் புத்தகத்தில் போடுகின்றன. மிட்டாய்ப் பெட்டியும் ஊதுபத்தி உறையும் அச்சிடுகிறவர்களும் ஓரத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கவேண்டும்.