வாத்தியார் வரலாற்றை யார் எழுதுவது?



எங்கள் தாத்தா ஓய்வு பெற்ற ஆசிரியர். கீரப்பாளையம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். ஊரில் அவருக்குப் பெயரே "வாத்தியார்" தான். நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும் அவர்தான், சாயங்காலம் திண்ணையில் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததும் அவர்தான். நான் இன்று பி.காம். படிக்கிறேன் என்றால் அந்தத் திண்ணைதான் காரணம்.

வயதான காலத்தில் ஒரு நீள நோட்டில் தன் வாழ்க்கையை எழுத ஆரம்பித்தார். பார்வை மங்கியதும் என்னைக் கூப்பிட்டு, "நான் சொல்லச் சொல்ல நீ எழுதுடா தம்பி" என்றார். "செமஸ்டர் முடியட்டும் தாத்தா" என்றேன். செமஸ்டர் முடிந்தது. அதற்குள் தாத்தா போய்விட்டார்.

நோட்டில் மொத்தம் பதினோரு பக்கம். முதல் வேலைக்குச் சேர்ந்த நாளோடு நிற்கிறது.

இப்படிப் பாதியில் நின்ற இன்னொரு ஓய்வு பெற்ற ஆசிரியரின் வரலாறு உண்டு. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். உ.வே.சாமிநாதையர். ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்தவர், தமிழ்த் தாத்தா என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் அவர் முதலில் ஒரு வாத்தியார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1855-ல் பிறந்தவர், சொந்த ஊர் உத்தமதானபுரம். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். சம்பளம் மாதம் 50 ரூபாய். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-ல் ஓய்வு பெற்றார். கூட்டிப் பார்த்தால் 39 வருட சர்வீஸ். சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) எல்லாம் இந்த வேலைக்கு நடுவில் அச்சேறியவை.

ஓய்வு பெற்றபோது வயது 64. ஆனால் அவர் ஓயவில்லை. 1924-ல் சிதம்பரத்துக்கு வந்து மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக 1927 வரை இருந்தார். அண்ணாமலை செட்டியார் நிறுவிய கல்லூரி அது. 1929-ல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னோடி. கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய ஊரில், எழுபது வயதில் அவர் மறுபடி வாத்தியார் வேலை பார்த்திருக்கிறார்! எத்தனையோ முறை சிதம்பரம் போய் வந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம்தான் என்னை யோசிக்க வைத்தது. அவர் தன் கதையை முதலில் எழுதவில்லை. தன் ஆசிரியரின் கதையை எழுதினார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-ல் பிறந்து 1876-ல் மறைந்தவர். எத்தனையோ தலபுராணங்கள் பாடியவர், ஆனால் பணக்கஷ்டம் தீராதவர். வீட்டில் வைத்த வேங்கடராமன் என்ற பெயரை விட்டு, சாமிநாதன் என்ற பெயர் நிலைக்கக் காரணமாக இருந்தவரும் இவர்தான். உ.வே.சா. இவரிடம் படித்தது 1871 முதல் சுமார் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்துக்காக, 1933-லும் 1934-லும் இரண்டு பாகங்களாக ஆசிரியரின் வரலாற்றை வெளியிட்டார். அப்போது அவருக்கு எண்பது நெருங்கிவிட்டது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஐம்பது வருடத்துக்கு மேல் பேரேட்டில் இருந்த கடனை வட்டியோடு அடைத்திருக்கிறார் :-)

இன்னொரு கடனும் இருந்தது. கும்பகோணத்தில் தன் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்துவிட்டு ஓய்வு பெற்றவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்தான். திருவல்லிக்கேணியில் இருந்த தன் வீட்டுக்கு உ.வே.சா. வைத்த பெயர் "தியாகராச விலாசம்".

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தன் கதை. 1940-ல் ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" வாராவாரம் வரத் தொடங்கியது. எழுதும் வேலையில் பக்கத்தில் இருந்து உதவியவர் அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன். 1942-ல் குண்டு வீச்சுக்குப் பயந்து சென்னை மக்கள் வெளியேறிய சமயத்தில் உ.வே.சா. திருக்கழுக்குன்றம் போனார். அங்கேயே ஏப்ரல் 28-ல் காலமானார். 122 அத்தியாயங்களோடு சரித்திரம் நின்றது. அதில் கதை வந்து சேர்ந்த இடம் மணிமேகலை பதிப்பு, அதாவது 1898 வாக்கில். மாநிலக் கல்லூரி, ஓய்வுக் காலம், நம் சிதம்பரத்து மூன்று வருடம் எதுவும் அதில் இல்லை. அந்த மிச்சக் கதையை "என் ஆசிரியப்பிரான்" என்ற நூலில் எழுதியவர் யார் தெரியுமா? அதே கி.வா.ஜ. தான்.

பாருங்கள், பிள்ளையின் கதையை மாணவர் எழுதினார். அந்த மாணவரின் மிச்சக் கதையை அவருடைய மாணவர் எழுதினார். வாத்தியார்களின் வரலாறு அவர்கள் பேனாவிலேயே முழுதாக முடிவதில்லை போலிருக்கிறது. கி.வா.ஜ. மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை. "செமஸ்டர் முடியட்டும்" என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

தாத்தா ஒன்றும் சுவடி பதிப்பிக்கவில்லை, பட்டம் வாங்கவில்லை. அவரை உ.வே.சா.வோடு ஒப்பிடவும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்த பல பேருக்கு முதல் எழுத்து சொல்லிக் கொடுத்தவர் அவர்.

அதனால் போன மாதம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவருடைய பழைய மாணவர்களைத் தேடிக் கிளம்பினேன். முதலில் பார்த்தது டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். நோட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சாவதோட நிறுத்திட்டு மாடு மேய்க்கப் போயிட்டேன் தம்பி. வாத்தியார் வயக்காட்டுக்கே வந்து எங்கப்பாகிட்ட சண்டை போட்டு என்னைத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போனாரு" என்றார். தாத்தா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் இருந்தால், செமஸ்டர் முடியும் வரை காத்திருக்காதீர்கள்.