.44-40: தோட்டாவின் பெயரில் தங்கிய கருமருந்து

அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1873இல் வெளியிட்ட நெம்புகோல் ரைஃபிளின் தோட்டா .44-40 என்று வழங்கப்படுகிறது. முதல் எண் குண்டின் விட்டத்தை அங்குலக் கணக்கில் ஏறத்தாழக் குறிக்கிறது. இரண்டாம் எண் பித்தளைக் கூட்டில் நிரப்பிய கருமருந்தின் எடை, அலகு கிரெயின். நம் பொற்கொல்லர் குன்றிமணியால் பொன்னை நிறுத்ததைப் போல, தானிய மணியிலிருந்து ஐரோப்பியர் பெற்ற எடை அது. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. 40 கிரெயின் ஏறத்தாழ 2.6 கிராம்.

1884இல் பிரான்சின் போல் வியேய் புகையிலா மருந்தை உருவாக்கினார். 1895இல் அம்மருந்துக்கென்றே வடிவமைத்த வின்செஸ்டர் தோட்டா விற்பனைக்கு வந்து .30-30 என்று பெயர் பெற்றது. பெயரமைப்பு பழையதே; ஆனால் இரண்டாம் எண் இப்போது புகையிலா மருந்தின் எடையைச் சுட்டியது. ஒரே வாய்பாட்டில் அமைந்த இரு பெயர்கள் இரு வேறு பொருள்களைக் குறித்தன.

குண்டின் வடிவத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. இந்த ரைஃபிள்களில் குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். 1860ஆம் ஆண்டின் ஹென்றி ரைஃபிள் தோட்டாவில் தீமூட்டும் வேதிப்பொருள் அடிவிளிம்பில் இருந்தது. ஆகவே பின்னுள்ள குண்டின் முனை நடுவில் படுவது இடராகவில்லை. .44-40இலோ பிரைமர் அடியின் நடுவில் அமைந்தது. கூர்முனை அதன்மேல் அழுந்தினால், சுடும் அதிர்வில் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். எனவே தட்டைமுனைக் குண்டுகள் நிலைபெற்றன. பிரெஞ்சுப் படை 1898இலும் ஜெர்மானியப் படை 1905இலும் கூர்முனைக் குண்டுகளுக்கு மாறியபோதும் இந்த நெம்புகோல் குழாய் ரைஃபிள்கள் அவ்வழியே செல்லவில்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு மாதிரி, குழாயை விடுத்துத் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியைக் கொண்டிருந்ததால் அத்தடையிலிருந்து விடுபட்டது.

1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தோன்றிய கௌபாய் சுடுதல் போட்டி இவ்விரு மரபுகளுக்கும் வாரிசு. அதில் எஃகு இலக்குகளை அருகிலிருந்து சுடுவதால், குண்டு தெறித்துத் திரும்பாதிருக்க ஈயக் குண்டுகளே ஏற்கப்படுகின்றன; ரைஃபிள் குண்டின் வேகம் நொடிக்கு 1,400 அடியைத் தாண்டலாகாது. கருமருந்து கூட்டில் வெற்றிடமின்றி நிறைந்திருக்கும். மென்மையான போட்டித் தோட்டாவுக்கான புகையிலா மருந்தோ அக்கூட்டின் சிறு பகுதியையே நிரப்பும். கவனம் பிசகி இருமடங்கு ஊற்றினாலும் கூடு அதைக் கொள்ளும்; துப்பாக்கி தாங்காது. சிறிய கூடுடைய .38 ஸ்பெஷலைப் பலர் நாடுவதற்குக் குறைந்த செலவும் மெல்லிய உதைப்பும் காரணங்கள்.

கூட்டின் அடியில் பொறித்த எண் அது பிறந்த காலத்தைச் சொல்கிறது. இன்று இடவேண்டிய அளவைச் சொல்வதில்லை. அந்த 40ஐக் கட்டளையாகக் கொண்டு புகையிலா மருந்தை நிறுத்து இடுபவரின் கையிலேயே துப்பாக்கி சிதறும். சொல்லின் தோற்றத்தை அதன் இன்றைய பொருளாகக் கொள்வது பொதுவாக ஆய்வுப் பிழையாக முடியும்; இங்கே அது உயிரைக் கேட்கும்.