சப்பனியா பஞ்சமும் பசிபிக் பெருங்கடலும்

1899ஆம் ஆண்டின் பஞ்சத்தை இராஜபுதனத்திலும் குஜராத்திலும் மக்கள் 'சப்பனியா' என்று வழங்கினர். விக்கிரம ஆண்டுக் கணக்கில் அது 1956. கடைசி இரு இலக்கங்களான ஐம்பத்தாறே பஞ்சத்தின் பெயராயிற்று. (பஞ்சத்துக்கு ஆண்டின் பெயரை இடுவது தமிழகத்துக்கும் புதிதன்று, 1876இல் தொடங்கிய கொடுமை இங்கே தாது வருடப் பஞ்சம்.) கால்நடைகள் பெருமளவில் மடிந்தன. உழவு மாடுகள் இல்லாமற்போனதால், மழை திரும்பிய பின்னும் துயர் உடனே தீரவில்லை.

கொடுமை என்னவென்றால், அவ்வாண்டு மழை நன்றாகவே பெய்யும் என்று அரசு வானிலைத் துறை முன்னறிவித்திருந்தது. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குன்றும் என்று கண்டு, அதைக் கொண்டே 1880களில் முன்னறிவிப்பைத் தொடங்கியவர். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட்டின் கணிப்பு 1899இல் முற்றிலும் பொய்த்தது. நாட்டின் பருவமழை கால்பங்குக்கும் மேல் குறைந்தது. இமயத்தை நோக்கியவர்களுக்குப் பசிபிக்கில் அப்போது நிகழ்ந்துகொண்டிருந்த எல் நினோ தெரிய வழியில்லை.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர். வானிலை அவருக்குப் புதிய துறை. உலகெங்கிலுமிருந்து வந்த காற்றழுத்த, மழைப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டார். பசிபிக்கில் அழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழும், அங்குத் தாழ்ந்தால் இங்கு உயரும் என்னும் ஊசலாட்டம் புலப்பட்டது. அதற்கு அவர் இட்ட பெயர் 'தென் அலைவு'. ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதை அவரால் விளக்க இயலவில்லை. கடல் வெப்பமே அதன் மறுபாதி என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்: வெந்நீர் கிழக்கே நகர்ந்தால் மேலெழும் காற்றும் உடன் நகர்கிறது, இந்தியாவின் மீது காற்று கீழிறங்கி, முகில் திரளாமல் போகிறது.

ஆயினும் கடல் எளிய கணக்குக்கு உட்படுவதில்லை. 1997இல் எல் நினோ மிக வலுவாக இருந்தும் பருவமழை குறையவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிட வெம்மையுற்ற இருமுனை நிலை அதற்குத் துணைநின்றது என்பர். 2002இல் எல் நினோ அத்துணை வலிதன்று. முன்னறிவிப்பும் இயல்பான மழை என்றே கூறிற்று. ஜூலை மழையோ ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. அந்த ஜூலையில் அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் இருந்தது.