குவளாலபுரத்துக் கல்லெழுத்து

பாலகாட், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களுக்கு நம் முன்னோரில் பலர் 1880-க்குப் பிறகு வந்தவர்கள். ஆகவே இம்மண்ணில் தமிழுக்கும் அவ்வளவுதான் வயசு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

சுமார் 30 கி.மீ. தூரத்திலுள்ள கோலாரே கங்கரின் பழைய தலைநகரான குவளாலபுரம். அங்கே கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் (1014–1044) ஆணைப்படி, செங்கல்லாயிருந்த பிடாரியார் கோயிலைக் கருங்கல்லாக்கிய செய்தி அவற்றில் ஒன்று. முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டோ கோயிலுக்கு அளக்கவேண்டிய நெல்லை வகைவாரியாகச் சொல்கிறது. எங்கள் கடைப் பேரேடு அதனிடம் தோற்றுப்போகும்! லூயிஸ் ரைஸ் 1905-ல் இவற்றை அச்சிட்டார்.

சமணரான பவணந்தி முனிவரை நன்னூல் இயற்றச் செய்த சீயகங்கனும் குவளாலபுரத்து அதிபன் என்ற பட்டம் பூண்டவனே. பள்ளியில் நாம் உருப்போட்ட இலக்கணத்துக்கும் இப்பக்கத்துக்கும் அப்படியோர் உறவு.

2001-ல் சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் பிழைப்புக்குப் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கோலாருக்கு அழைத்துப் போங்கள். கன்னடரும் தமிழரும் சேர்ந்து கும்பிடும் கோயில் அது. சுண்ணாம்பு பூசாமல், எண்ணெய் தடவாமல் அக்கல்லெழுத்தைக் காப்பது இருவர் பொறுப்புமாகும்.