ஆக்சலேட்டின் வழி: மைசூருவிலிருந்து கால்கரி வரை

2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ராப்சன், கிட்டகாவா, யாகி ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டபோது, உலோக-கரிமச் சட்டகங்களின் வரலாறு மெல்போர்ன், கியோட்டோ, பெர்க்லி என்னும் மூன்று ஊர்களுக்குள் அடங்கிவிட்டது. அவ்வரலாற்றுக்குத் தென்னிந்தியக் கிளை ஒன்றும் உண்டு.

1951இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டத்தையும், 1961இல் அதன் டி.எஸ்சி. பட்டத்தையும் பெற்றவர் சி.என்.ஆர். ராவ். பெங்களூரில் 1989இல் தோன்றிய ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் நிறுவனத் தலைவரும் அவரே. அங்கே 2000ஆம் ஆண்டையொட்டி எஸ். நடராஜன், ஆய்வு மாணவர் ராமநாதன் வைத்தியநாதன் ஆகியோருடன் சேர்ந்து, துளைகள் கொண்ட உலோக ஆக்சலேட்டுகளை அவர் ஆராய்ந்தார். அவை அடிப்படை ஆய்வுகள். ஆலைப் புகை அவற்றின் இலக்காக இருக்கவில்லை.

ஆலைப் புகையில் கரியமில வாயு தனித்து வருவதில்லை. நைட்ரஜனும் நீராவியும் உடன்வருகின்றன. அமீன் கரைசல் கரியமில வாயுவை வேதிப்பிணைப்பால் பற்றுகிறது. அதை மீட்க மிகுந்த வெப்பம் தேவை. சியோலைட்டின் துளைகளையோ நீராவி முந்திக்கொண்டு நிரப்பிவிடுகிறது. பற்றவும் வேண்டும், எளிதில் விடவும் வேண்டும், ஈரத்தையும் தாங்க வேண்டும்.

பின்னர் வைத்தியநாதன் கனடாவின் கால்கரியில் ஜார்ஜ் ஷிமிசுவின் ஆய்வுக்குழுவில் பணியாற்றினார். 2010இல் அக்குழு 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. துத்தநாகம், அமினோட்ரையசோல், ஆக்சலேட் ஆகியவற்றாலான சட்டகத்துக்குள் கரியமில வாயு மூலக்கூறு எங்கே அமர்கிறது என்பதைப் படிக ஆய்வு நேரடியாகவே காட்டியது. 2021இல் அதே இதழில் 'கால்ஃப்-20' பற்றிய கட்டுரை வந்தது; அதன் ஆசிரியர்களுள் வைத்தியநாதனும் ஒருவர். இதில் அமினோ தொகுதி இல்லை. எளிய ட்ரையசோலே போதுமானதாயிற்று. துத்தநாக-ட்ரையசோல் அடுக்குகளைத் தூண்களாக இணைத்து நிற்பது அதே ஆக்சலேட். மிதமான ஈரப்பதத்திலும் நீரைவிடக் கரியமில வாயுவையே அது விரும்பிக் கவர்கிறது. கனடாவில் ஒரு சிமென்ட் ஆலையின் புகையில், நாளொன்றுக்கு 1 டன் அளவில் அது சோதிக்கப்பட்டது.

பெங்களூர் ஆக்சலேட்டுகளின் நேரடி வாரிசு கால்ஃப்-20 என்று கூறுவது மிகை. கால்கரியின் உழைப்பு கால்கரிக்கே உரியது. ஆயினும் ஆக்சலேட்டைக் கட்டுமானப் பொருளாகக் கையாளும் பயிற்சி ஒரு மாணவரின் கைவழியே கண்டம் கடந்தது என்பதைக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியல்களே காட்டுகின்றன. நம் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வுத் திட்டத்தை முன்வைத்ததும் எழும் முதல் கேள்வி, "இதனால் என்ன பயன்?" என்பதே. 2000இல் அந்த ஆக்சலேட்டுகளிடமும் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், விடை கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.