இறுக்கிய கவ்வி, தளர்ந்த முடிச்சு

1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோய்க்குறியியல் அறிஞர், நாய்களின் சிறுநீரகத் தமனியில் வெள்ளிக் கவ்வியைப் பூட்டி இரத்த ஓட்டத்தைக் குறைத்தார். நாய்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியது. ஏறியது எளிதில் இறங்கவில்லை. 1988-இல் கேரி பென்னட், யி-குவான் ஷியே இருவரும் எலியின் பின்னங்கால் நரம்பில் நான்கு முடிச்சுகளைத் தளர்வாகப் போட்டனர். எலி அந்தக் காலை ஊன்றத் தயங்கியது. சூடு பட்டால் முன்னைவிட வேகமாகப் பாதத்தை இழுத்துக்கொண்டது.

உயர் இரத்த அழுத்த ஆய்வுக்கு அந்த நாய்களும், நாள்பட்ட நரம்பு வலி ஆய்வுக்கு இந்த எலிகளும் அடித்தளம். இரண்டிலும் ஒரு குழாயையோ நரம்பையோ நெருக்கி, மனித நோயின் சாயலை விலங்கில் உண்டாக்குவதுதான் உத்தி. ஆனால் முதல் வழியில் மருந்துகள் வரிசையாக வந்தன. இரண்டாவது வழியில் தோல்விகளே மிகுதி.

இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் அளவீடு. 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் வெளியிட்ட நூலில் ஒரு பெண் குதிரையின் கதை வருகிறது. அதன் தமனியில் குழாய் செருகியபோது இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. குதிரை என்ன உணர்ந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. இன்று எலியின் வாலில் சிறு பட்டையைச் சுற்றி அதே அழுத்தத்தை எண்ணாகப் பெறுகிறார்கள். மனிதருக்கும் எலிக்கும் பொது அலகு பாதரச மில்லிமீட்டர்.

வலிக்கு அப்படிப்பட்ட அலகு இல்லை. எலி பாதத்தை இழுக்கும் நொடியைத்தான் கணக்கிட முடியும். நோயாளியின் முறையீடோ வேறு: இரவில் தூக்கம் வரவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எந்நேரமும் குடைகிறது. பாதத்தை இழுப்பது அனிச்சைச் செயல், குடைச்சல் அனுபவம். இதற்கும் மேலாக, ஆய்வாளர் ஆணாக இருந்தால் அவருடைய வாடையிலேயே எலிகள் மிரண்டு, வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று 2014-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு கண்டது. அழுத்தத்தை அளப்பதிலும் எலி மிரளும். ஆனால் அந்த மிரட்சியையும் கருவி எண்ணாகக் காட்டிவிடும்.

விளைவுகளும் இதற்கேற்பவே அமைந்தன. கோல்ட்பிளாட்டின் நாய்கள் சிறுநீரகத்தைக் கைகாட்டின. அந்தத் தடத்தில், அழுத்தத்தை ஏற்றும் ரெனின், ஆஞ்சியோடென்சின் ஆகியவற்றின் வேலை தெளிவானது. பிரேசிலில் செர்ஜியோ ஃபெரேரா விரியன் நஞ்சிலிருந்து பிரித்த பொருள் வழிகாட்ட, 1981-இல் காப்டோபிரில் என்னும் இரத்த அழுத்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலிப் பக்கத்தில், ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்னும் வலித் தூதுப்பொருளின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் விலங்குகளில் வலியைத் தணித்தன, மனிதரில் தணிக்கவில்லை. அக்குடும்பத்தைச் சேர்ந்த அப்ரெபிடன்ட் 2003-இல் புற்றுநோய் சிகிச்சையின் வாந்தியைத் தடுக்கும் மருந்தாக வந்தது. கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து பிறந்த சிகோனோடைடு 2004-இல் வலி மருந்தாக அனுமதி பெற்றது. அதையும் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தினால்தான் பயன்.

அழுத்தத்தின் பக்கமும் முழு வெற்றி இல்லை. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரை 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 1949-இல் முடிவுகளை வெளியிட்டபின் உலகம் அந்த வேரைத் தேடியது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அழுத்தம் இறங்கியது, கூடவே மனச்சோர்வுப் புகார்களும் வந்தன. விலங்கு சொல்ல முடியாத இடத்தில் இங்கும் ஆய்வு தடுமாறியது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே ரெசர்பினை எலிகளுக்கு மூன்று நாள் கொடுத்துத் தசைவலியை வரவழைத்தார்கள். அழுத்தத்துக்கு மருந்தானது, வலி ஆய்வில் நோயை உண்டாக்கும் கருவியானது. மறுபக்கம், அழுத்தம் ஏறிய எலிகளுக்கு வலியுணர்வு மந்தப்படுவதை 1979-லேயே கண்டிருந்தார்கள். ஆய்வகம் பிரித்து வைத்த இரண்டும் உடலுக்குள் பின்னிக் கிடக்கின்றன.

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இந்தப் பின்னலுக்கு நடைமுறை அர்த்தம் உண்டு. சரிவில் குனிந்து சாமை அறுத்து, சுமை தூக்கி இறங்கும் உடலுக்கு முட்டிவலியும் இடுப்புவலியும் புதிதல்ல. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வலி மாத்திரையை மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்குவதும் நாம் அறிந்ததே. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். கோல்ட்பிளாட் கவ்வி பூட்டிய அதே உறுப்புதான் இங்கும் களம்.

ஆகவே விலங்காய்வில் எது தேறியது என்பதைவிட, எது தேறவில்லை என்பதே நமக்குப் பெரிய பாடம். எலிக்கு இல்லாத ஒரு வசதி மனிதருக்கு உண்டு: வாய்விட்டுச் சொல்லலாம். சொல்வதைக் கேட்டு எழுதுவதும் ஓர் அளவீடுதான். கையில் பட்டை சுற்றி எண்ணைக் குறித்தபின், “முட்டி வலிக்குதாம்மா? அதுக்கு என்ன மாத்திரை போடுறீங்க?” என்று ஒரு கேள்வி சேர்ந்தால் போதும். அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்பதற்கு விடை சில வேளைகளில் அந்தப் பதிலில்தான் இருக்கும்.