மதுவக் கலங்களில் மறைந்த கோடுகள்

உயிர்க்கலத்தின் அனுசேபம் கணப்பொழுதில் மாறுவது. கலத்தைச் சிதைத்து ஆராய்வோர் அதன் விரைவைக் காணார். மக்மன் என்னும் வைத்தியர் விலங்கிழையங்களில் நிறமாலைகாட்டியாற் கண்ட கருங்கோடுகளை 1886 இல் விரித்துரைத்தார். ஹொப்பே செய்லர் அதனை மறுத்தார், அறிஞருலகமும் மறந்தது. 1911 இல் மக்மன் மறைந்தார்.

பின்னர் கேம்பிரிட்ஜிற் கீலின் மதுவக் கலங்களை நீரிற் கலந்து நோக்கினார். காற்றுடன் குலுக்கியதும் நான்கு கோடுகள் மறைந்தன. கலங்கள் ஒட்சிசனை உட்கொண்டு தீர்த்ததும் மீண்டும் தோன்றின. கலத்தைக் கொல்லாமலே அதன் சுவாசத்தைக் கண்ணாற் கண்டார் கீலின். 1925 இல் அந்நிறப்பொருளுக்குச் சைற்றோகுரோம் எனப் பெயரிட்ட அவர், மக்மனே அதனை முதலிற் கண்டவர் என்பதையும் எடுத்துரைத்தார்.

கண்ணாற் கண்ட அம்மாற்றத்தை 1950களில் பிரித்தன் சான்ஸ் ஒளிமின் கருவிகளால் நுட்பமாக அளந்தார். மறுக்கப்பட்டதை மீண்டும் நோக்கிய நேர்மையே அவ்வளவைக்கு வழிவகுத்தது.